சீட் கேட்டவன்

புதன்கிழமை மாலை மூன்றரை மணிக்கு டிங்காவின் மரப்பட்டறையில் இருந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்த இடங்களையும் முதலில் எழுதிவிடுகிறேன்.

கதவோரம், வெளிச்சம் விழும் இடத்தில், முக்காலி போட்டு நான். பெயர் ரோகிமா. லுங்லேயில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எழுத்தர். எங்கள் பாட்டுக்குழுவில் கிடார், அதோடு செயலாளர் வேலையும். எனக்கு வலப்பக்கம் இழைப்பு மேசைமேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுவாலா. டிரம்ஸ் வாசிப்பவன் அவன், வண்டி ஓட்டுவதும் அவன்தான். அவனுக்கு எதிரே மரத்தூள் மூட்டைமேல் நுன்பூயி, எங்கள் பாடகி. டிங்கா உட்காரவில்லை. தான் செய்த நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு முன்னால், யாரும் அவற்றின்மேல் உட்கார்ந்துவிடாதபடி, காவல்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். பாஸ் கிடார் அவனுடையது. கடைசியாக வந்தவன் பியாக்கா, கீபோர்டு. பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியை அவன் நுன்பூயி பக்கம் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான். நுன்பூயி அதை டிங்கா பக்கம் தள்ளினாள். டிங்கா என் பக்கம் தள்ளினான். நான் சுவாலா பக்கம் தள்ளினேன். கூட்டம் முடியும்வரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

வராதவர் யாரும் இல்லை.

பேச வேண்டியது ஒன்றே ஒன்று: வண்டி. இத்தனை வருஷமாக நாங்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்த பிக்அப்பை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் வரும் சாப்சார் குட் திருவிழா வரைக்கும் லாங்த்லாய், சாயிஹா, நாத்தியால் என்று ஊர் ஊராக நிகழ்ச்சிகள் ஒப்புக்கொண்டிருந்தோம். ஐசாலில் சுவாலாவின் அத்தை வீட்டுக்காரர் பு கப்லியானா காண்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டார். (வயதில் பெரியவர்களை ‘பு’ சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.) அவரிடம் இரண்டு வண்டிகள் சும்மா நின்றன. இரண்டுக்கும் ஒரே விலை. அதில் எந்தப் பேச்சும் இல்லை, முடிந்துவிட்டது. எது வேண்டும் என்று மட்டும் நாங்கள் சொல்ல வேண்டும். மற்றது செர்ச்சிப்காரர் ஒருவருக்கு. பு கப்லியானாவுக்கு எஸ்.டி.டி. பூத் பேச்சில் நம்பிக்கை கிடையாது. “போன்ல சொன்னது ரோட்டுல பெஞ்ச மழை மாதிரிடா. எழுதி அனுப்பு” என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை ஐசால் போகும் சுமோ வாடகை ஜீப்பில் கடிதம் போயாக வேண்டும்.

முதல் வண்டி ஒற்றைக் கேபின். ஓட்டுபவரையும் சேர்த்து முன்னால் மூன்று பேர். பின்னால் எட்டரை அடித் தளம். எங்கள் சாமான் மொத்தமும் ஏறி, அதற்கு மேலும் இரண்டு பேர் காலை மடக்கி உட்கார இடம் இருக்கும். இரண்டாவது வண்டி இரட்டைக் கேபின். ஐந்து பேரும் உள்ளேயே உட்காரலாம். ஆனால் அதற்காகப் பின்தளம் சுருங்கி ஐந்தடிக்கு வந்துவிட்டது. டிங்காவின் பெட்டிகள் நாலடி உயரம், அகலமும் ஆழமும் இரண்டரை அடி. நான்கையும் நிறுத்தினால் தளம் தீர்ந்துவிடும். டிரம்ஸ் எங்கே போகும், ஆம்ப் எங்கே போகும்? ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் சாயிஹா வளைவுகளில் பள்ளத்தாக்குக்குத்தான் கச்சேரி.

நான் நோட்டில் கோடு கிழித்து இரண்டு பத்தி போட்டேன். யாருக்கு எது என்று பெயர் எழுத வேண்டியதுதான் பாக்கி. அரைமணி வேலை என்று நினைத்தேன்.

“ரெட்டைக் கேபின் வாங்குங்க” என்று டிங்கா ஆரம்பித்தான். “என் பெட்டியைப் பத்தி யாரும் யோசிக்காதீங்க. என்ன அது, பலகைதானே?”

“பலகையா?” என்றான் பியாக்கா. “ரெண்டு மழைக்காலம் பட்டறையை மூடிட்டு அதைச் செஞ்சியே, உன் பொண்டாட்டி உன்னைத் திட்டினதெல்லாம் பலகைக்காகவா? அந்தப் பெட்டி இல்லேன்னா நம்மள யாருடா கூப்பிடுவான்? ஒத்தைக் கேபின்தான். நான் பின்னாடி வரேன். எனக்குக் காத்து பிடிக்கும்.”

“நுன்பூயி அக்காவை இனியும் பின்னாடி உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனா ஊருல என்ன பேசுவாங்க?” என்றான் சுவாலா.

“எனக்காக யாரும் பேச வேணாம். நான் மூங்கில் லாரிமேல உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போனவ.”

“போன வருஷம் சாயிஹாவுலேருந்து வந்து மூணு நாள் உங்களுக்குக் குரலே வரலியே?”

“அது சளி.”

“தூசி.”

“என் தொண்டை உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமாடா?”

“சரி, அப்ப ரெட்டைக் கேபின்தான் நல்லது” என்று சுவாலா முடித்தான்.

நானும் தலையாட்டினேன். “ஆமா, டிரம்ஸும் நனையாம கால்மாட்டுல வெச்சுக்கலாம்.”

உடனே அவன் மேசையிலிருந்து குதித்தான். “அப்ப எனக்காகச் சொல்றீங்களா? வேணாம். ஒத்தைக் கேபினே வாங்குங்க. டிரம்ஸ் நனைஞ்சா நனையட்டும்.”

இப்படியே போயிற்று. இரட்டைக் கேபின் வந்தால் நஷ்டப்படப் போகிற டிங்கா இரட்டைக் கேபினுக்காக வாதாடினான். ஒற்றைக் கேபின் வந்தால் தூசியிலும் குளிரிலும் வரவேண்டிய பியாக்காவும் நுன்பூயியும் அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சுவாலாவின் பேச்சை யாராவது ஒப்புக்கொண்டால் அவன் மறுபக்கம் தாவிவிடுவான். என் நோட்டில் பெயர்களை அடித்து அடித்து எழுதி, ஒரு கட்டத்தில் எது யாருடைய பத்தி என்றே தெரியவில்லை. குரல் உயர்ந்து, டிங்காவும் பியாக்காவும் முறைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. அடித்துக்கொள்வது எதற்காக? விட்டுக்கொடுப்பது யார் என்பதற்காக.

எனக்கு வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்பது எங்கள் பக்கத்தில் சட்டை போடாமல் சர்ச்சுக்குப் போவது மாதிரி. தன் தேவையைக் கடைசியில் வை, அடுத்தவன் தேவையை அவன் சொல்லுமுன் பார் என்று பால்குடி மறக்குமுன்பே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். த்லோம்ஙாய்னா என்பது அதுதான். குறை சொல்லவில்லை. அதனால்தான் எங்கள் ஊரில் சாவு விழுந்தால் குழிவெட்ட ஆள் தேட வேண்டியதில்லை, காட்டில் ஒருவன் காணாமல் போனால் ஊரே விளக்கோடு இறங்குகிறது. வண்டி ஒன்று வாங்கத்தான் முடியவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன், எனக்கு ஒரு விஷயம் தெரியாமலிருந்தால்.

போன நவம்பரில் நாத்தியாலிலிருந்து திரும்பும்போது பியாக்கா பிக்அப்பின் பின்னால் இருந்தான். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டதில் இடுப்பு அடிபட விழுந்தான். சிரித்துக்கொண்டே எழுந்தான். அதற்குப் பிறகு ஐசால் போய்ப் படம் எடுத்துப் பார்த்ததை எங்களிடம் சொல்லவில்லை. அவன் மனைவி ரெமி என்னிடம் மட்டும் சொன்னாள். இடுப்பு மூட்டு எலும்புக்கு ரத்தம் போகவில்லையாம். நடக்கலாம், வாசிக்கலாம், மெத்தை போட்ட சீட்டில் உட்கார்ந்து போகலாம். பின்தளத்தில் குலுங்கிக்கொண்டு போனால் ஒரு வருஷத்தில் கம்பு ஊன்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“நீங்க யாருக்கும் சொல்லக்கூடாது” என்று ரெமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சர்ச் பாட்டுக்குழுவுல யாரோ கேள்விப்பட்டு இவருக்கு மட்டும் நாற்காலி போட்டாங்க. அன்னைக்கு வாசிச்சுட்டு வந்தவர்தான், அப்புறம் அந்தப் பக்கமே போகல. உங்க குழுவும் போச்சுன்னா இவருக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க?”

ஆகவே எனக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது: பியாக்கா உள்ளே உட்கார வேண்டும். அவனுக்கு முன் சீட்டைக் கொடுங்கள் என்று நான் சொன்னால் அவன் அந்த நிமிஷமே வீட்டுக்குப் போய்விடுவான். சொல்லாவிட்டால் எல்லோரையும் முந்திக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவான். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. செயலாளராக இதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது?

வேறு வழி தெரியாமல், அளந்து பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தேன்.

வியாழக்கிழமை எங்கள் பகுதிச் சங்கக் கட்டடத்தின் பூப்பந்துத் தளத்தில் சாக்பீஸால் இரண்டு வண்டிகளின் தளத்தையும் வரைந்தேன். ஒன்று எட்டரைக்கு ஐந்தரை, மற்றது ஐந்துக்கு ஐந்தரை. சாமான்களைப் பட்டறையிலிருந்து தூக்கிவந்து கட்டங்களுக்குள் அடுக்கினோம். முன்னாள் ஹவில்தார் பு தாங்கா பாக்கு மென்றுகொண்டே படிக்கட்டில் நின்று உத்தரவு போட்டார். “பாரமானது நடுவுல! ஏய், அந்தப் பெட்டி என்ன, மாட்டுக்கொட்டகையா?”

“ஸ்பீக்கர், பு.”

“எங்க பட்டாளத்துல பீரங்கியே அதைவிடச் சின்னதா இருந்துச்சே!”

பெரிய கட்டத்தில் எல்லாம் அடங்கியது. சின்னக் கட்டத்தில் நான்கு பெட்டிகளையும் விட்டுவிட்டால் எல்லாம் அடங்கியது. பெட்டிகளைப் படுக்கவைத்துப் பார்த்தோம், குறுக்கே வைத்துப் பார்த்தோம். இரண்டை உள்ளே வைத்தால் ஆம்ப் வெளியே நின்றது. டிங்கா ஒரு பெட்டியின் மூலையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தான். மூலைகளை ஆணி இல்லாமல் பொருத்தியிருந்தான். தேடினால்தான் இணைப்பு தெரியும்.

“ஒத்தைக் கேபின்னு முடிவாயிடுச்சு பாருங்க” என்றான் பியாக்கா. “இதோ, என் இடம்.” பெரிய கட்டத்தில், டிரம் பெட்டிக்கும் பக்கப் பலகைக் கோட்டுக்கும் நடுவே, தரையில் உட்கார்ந்து காண்பித்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, “ராஜா மாதிரி. நுன்பூயி, நீ முன்னாடி சுவாலா பாட்டைக் கேட்டுட்டுச் செத்துப்போ, நான் இங்க நிம்மதியாத் தூங்கறேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மற்றவர்கள் சாமானைத் தூக்க ஆரம்பித்தபோது அவன் எழவில்லை. ஷூ கயிறை அவிழ்த்தான். மறுபடி கட்டினான். இன்னொரு காலின் கயிறை அவிழ்த்தான். அவன் முகத்தில் வியர்வை பூத்திருந்தது. அன்று வியர்க்கிற வெயில் இல்லை. கை கொடுக்க ஓரடி எடுத்துவைத்து நின்றுவிட்டேன். கொடுத்தால் எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். முதுகைத் திருப்பிக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினேன். எழுதியது என்ன என்று பிறகு பார்த்தேன்: “ஷூ, ஷூ.”

நான் திரும்பிப் பார்த்தபோது அவன் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுகொண்டிருந்தான். அந்தப் பெட்டிக்கு மறுபக்கம் டிங்கா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை வருமா என்று பார்த்தானா, வேறெதையும் பாராமலிருக்கப் பார்த்தானா, எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ரெமி பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வந்தாள். கையில் நாலாக மடித்த சீட்டு.

“செயலாளர் ரோகிமாவுக்கு. பட்டுப்புழு இலாகாவில் எனக்கு வேலை கூடிவிட்டது. இந்த சீசனிலிருந்து கீபோர்டுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளவும். எலெக்ட்ரிக் வேங் பகுதியில் கிமா என்பவர் நன்றாக வாசிப்பதாகக் கேள்வி. கீபோர்டையும் அதன் பையையும் இன்று மாலைக் கூட்டத்தில் ஒப்படைக்கிறேன். ஒற்றைக் கேபின் வாங்கவும். அன்புடன், பியாக்கா.”

“நீங்க அவன்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“நான் எங்க சொன்னேன்? நீங்க சொன்னீங்களோன்னு கேக்கத்தான் வந்தேன்.”

“நான் சொல்லல.”

“அப்ப அவரே முடிவு பண்ணிட்டாரு.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “காலையிலேருந்து அந்தப் பையை ஈரத்துணி போட்டுத் துடைக்கிறாரு. துடைச்ச இடத்தையே துடைக்கிறாரு.”

அவள் போனபிறகு வருகைப் பதிவேட்டை எதிரே வைத்துக்கொண்டு யோசித்தேன். அவன் சீட் கேட்க மாட்டான். அவனுக்காக யாரும் கேட்கக் கூடாது. ஆனால் வேறொருவன், தனக்கென்றே, வெட்கமில்லாமல் கேட்டால்? உள்ளே சீட் வேண்டும், பின்னால் உட்கார மாட்டேன் என்று ஒருவன் முரண்டு பிடித்தால், இரட்டைக் கேபின் வாங்கித்தானே ஆகவேண்டும்? வந்துவிட்டால் அதில் ஐந்து சீட் இருக்கும். யாருக்கும் எதையும் கொடுத்ததாக ஆகாது.

அந்த ஒருவன் யார் என்று யோசிக்கவே தேவையில்லை. நினைத்ததுமே காது சூடாகிவிட்டது. முப்பத்தெட்டு வயதில், இதுவரை ஒரு விருந்தில்கூட இரண்டாவது தரம் கறி கேட்டதில்லை நான்.

மாலைக் கூட்டத்தில் எல்லோரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். பியாக்கா மட்டும் வாசலுக்கு வெளியே, கீபோர்டுப் பையைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றான். நுன்பூயி அழுத மாதிரி இருந்தாள். சுவாலா, “பட்டுப்புழுவுக்கு டிசம்பர்ல என்னண்ணே வேலை? அது தூங்குமில்ல?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“அதைப் பிறகு பேசலாம்” என்று எழுந்தேன். எழுதி வைத்திருந்ததைப் படிக்காமல் நோட்டை மூடினேன். “வண்டி விஷயமா எனக்கு ஒண்ணு சொல்லணும். எனக்கு உள்ள சீட் வேணும்.”

சிவப்புத் தேநீரைக் கொண்டுவந்த டிங்காவின் மனைவி தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“என்ன வேணும்?” என்றான் சுவாலா.

“சீட். எனக்கு. நான் பின்னாடி உட்கார மாட்டேன். குளிருது, முதுகு வலிக்குது. இனிமே முடியாது.”

சுவாலா வாயைப் பிளந்தபடி நுன்பூயியைப் பார்த்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. “அவ்ளோதானே அண்ணே! இதுக்கா இவ்ளோ தயக்கம்? வாய்விட்டுச் சொன்னீங்களே, இப்பத்தான் முடிவாச்சு. நான் ஓட்டறேன், பக்கத்துல நீங்க, அந்தப் பக்கம் அக்கா. மூணு பேர். ஒத்தைக் கேபினே போதும்!”

எல்லாவற்றையும் அளந்தவன் நான். சாக்பீஸால் வண்டியே வரைந்தவன். இதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. மானமும் போய், வண்டியும் போய், பேனாவைப் பிடித்துக்கொண்டு நடுப்பட்டறையில் நின்றேன்.

“எழுதிக்கோங்க” என்றான் சுவாலா. “ஒத்தை.”

“இரு” என்றது டிங்காவின் குரல். “எனக்கும் உள்ள சீட் வேணும்.”

“உனக்கா?”

“ஆமா. குளிருது.”

“ஜனவரியில ஆத்துல முங்கிக் குளிக்கிறவன் நீ!”

“அது ஆறு. இது வண்டி.”

“டேய், ரெட்டைக் கேபின் வந்தா உன் பெட்டி ஏறாதுடா. நேத்துப் பார்த்தோமே!”

“அறுத்துச் சின்னதாக்கறேன்.”

டிங்காவின் மனைவி தட்டைக் கீழே வைத்தாள். “எதை அறுப்பீங்க?” என்றாள், நம்பாமல்.

“பெட்டியை. எனக்குக் குளிருதுன்னு சொல்றேன் இல்ல?”

நான் டிங்காவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வாசலையும் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய ரம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்கு எப்படித் தெரியும்? தெரியுமா, இல்லை நிஜமாகவே என் அவமானத்தைப் பங்குபோட வந்தானா? ஒருவேளை என்னைத் தனியாக நிற்கவிடக் கூடாது என்ற பழக்கதோஷமா? எங்கள் ஊரில் இது மூன்றும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

“அப்படீன்னா நானும் சொல்றேன்” என்று நுன்பூயி மூட்டையிலிருந்து எழுந்தாள். “அது சளி இல்ல, தூசிதான். சுவாலா சொன்னது நெசம். ஏழு வருஷமா பின்னாடி உட்கார்ந்து வந்து ஒவ்வொரு தடவையும் தொண்டை கிழிஞ்சுபோவுது. எனக்கு ஜன்னலோர சீட். கண்ணாடி ஏத்தி விடணும். சுவாலா பாடக் கூடாது.”

“எல்லாரும் ஒரே நாள்ல கெட்டுப்போயிட்டீங்களா?” என்று சுவாலா கத்தினான். “நான் ஒருத்தன்தான் ஒழுங்கா இருக்கேனா?”

“உனக்கு ஸ்டீரிங் இருக்குடா, நீ எதுக்கு சீட் கேக்கணும்?” என்றாள் நுன்பூயி.

சிரிப்பு வாசலிலிருந்து வந்தது. பியாக்கா. சிரித்தபடியே உள்ளே வந்தவன் டிங்காவிடம் போய் நின்றான். சிரிப்பு நின்றுவிட்டது.

“பொய் சொல்றே.”

“எதுல?”

“உனக்குக் குளிருமா?”

“குளிரும்.”

“அந்தப் பெட்டியை நீ அறுக்கக் கூடாது.”

“நீதான் குழுவை விட்டுப் போறியே. போறவனுக்கு என் பெட்டியைப் பத்தி என்ன?”

பியாக்காவுக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை; எதை அவன் மறுப்பான்? அவன் என் பக்கம் திரும்பினான். நோட்டைப் புரட்டித் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். எங்கே கண்ணைப் பார்த்தால் எல்லாம் கொட்டிவிடுமோ என்று பயமாக இருந்தது.

“இரட்டைக் கேபின். நம்ம நாலு பேருக்கு நாலு சீட்” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினேன். “அஞ்சாவது சீட், புதுசா வர்ற கீபோர்டுக்காரர் கிமாவுக்கு.”

“யாரு, எலெக்ட்ரிக் வேங் கிமாவா?” என்றாள் நுன்பூயி. “அவன் ஒரு ஆளா, ரெண்டு ஆளா? அவன் பக்கத்துல நான் உட்கார மாட்டேன். போன கிறிஸ்மஸ்ல நான் பாடினதுக்கு அவன் வாசிச்சான். நான் முடிச்சு இறங்கிட்டேன், அவன் இன்னும் ரெண்டாவது சரணத்துல இருக்கான்.”

“அவன் அவ்ளோ மோசமில்ல” என்றான் பியாக்கா.

“நீ கேட்டியா?”

“கேட்டேன்.” கொஞ்சம் யோசித்தான். “மோசம்தான்.”

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ பன்றிக்குத் தீனி வைக்கும் தகரச் சத்தம். பியாக்கா கீபோர்டுப் பையின் வாரை எடுத்தான், தோளில் மாட்டினான், மறுபடி இறக்கினான்.

“அந்த வண்டியில பின் சீட்டு மெத்தையா, வெறும் பலகையா?” என்று கேட்டான்.

“மெத்தை” என்று அவசரமாகச் சொன்னேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

“இந்த சீசன் மட்டும் வரேன். கிமா அதுக்குள்ள ஒழுங்காக் கத்துக்கட்டும். பட்டுப்புழுவை யாராவது பார்த்துப்பாங்க.” பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். “இவ்ளோ சுயநலக்காரங்களோட நான் போனதே இல்லப்பா.”

அவனுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் மெத்தையைப் பற்றிக் கேட்டானா? இல்லை, நுன்பூயியின் பாட்டு கெட்டுப்போகக் கூடாது என்று மறுபடியும் அடுத்தவருக்காகத்தான் ஒத்துக்கொண்டானா? இரவு சாப்பிட்டுப் படுத்தபிறகும் எனக்கு விளங்கவில்லை. நுன்பூயி தூசி என்றது நிஜமா? சுவாலாவுக்கு எதுவுமே தெரியாதா, இல்லை எல்லாம் தெரிந்து கத்தினானா? கூட்டக்குறிப்பில் என் கையால் எழுதியிருந்தது மட்டும்தான் நிச்சயம்: “செயலாளர் தனக்கு உள்ளே இருக்கை வேண்டுமென்று கேட்டார்.” அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். குறிப்பைத் திருத்தக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து கடிதம் எழுதினேன்.

“மதிப்புக்குரிய பு கப்லியானாவுக்கு, லுங்லேயிலிருந்து ரோகிமா வணக்கத்தோடு எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். தாங்கள் சொன்ன இரண்டு வண்டிகளில் இரட்டைக் கேபின் உள்ளதை எடுத்துக்கொள்கிறோம். இது எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. மற்ற வண்டியைத் தாங்கள் செர்ச்சிப்காரருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அடுத்த வியாழக்கிழமை சுவாலா வந்து ஓட்டிக்கொண்டு வருவான். இரண்டு விவரங்கள் வேண்டும். ஒன்று, பின்தளத்தின் உள்நீளமும் அகலமும் அடி அங்குலத்தில், டேப் வைத்து அளந்து. சக்கரத்துக்கு மேலே மேடாக இருக்கும் இடத்தையும் அளக்கச் சொல்லவும். இங்கே ஒருவன் அந்த அளவுக்காக ரம்பத்தைத் தீட்டி வைத்துக் காத்திருக்கிறான். ஒரு அங்குலம்கூட வீணாக அறுபடக்கூடாது. இரண்டு, பின் சீட்டு மெத்தையா என்று பார்க்கவும். இல்லையென்றால், சுவாலா வருமுன் நல்ல கெட்டி மெத்தை தைத்துப் போட ஏற்பாடு செய்யவும். யாருக்காக என்று அவன் கேட்டால், எனக்காக என்று சொல்லவும்.”

படித்துப் பார்த்தேன். “எனக்காக” என்பதில் ஒரு சின்னத் திணறல். அப்படியே விட்டேன். உறையில் போட்டு, காலைச் சோற்றில் நாலு பருக்கையை எடுத்து நசுக்கி ஒட்டினேன். பெருவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினேன்.

பஜாரில் சுமோ கவுன்டர் திறந்திருந்தது. ஐசால் வண்டியின் கூரையில் முட்டைக்கோஸ் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கவுன்டர்காரர் உறையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் உதடு கோணியது.

“உள்ள சீட் வேணும்னு கேட்டது நீங்கதானே?”

ஒரே இரவில் ஊர் முழுக்கப் போய்விட்டது.

“ஆமா” என்றேன்.

“லெட்டருக்கு எப்படி? மேல கட்டிடலாமா, இல்ல அதுக்கும் உள்ள சீட் வேணுமா?”

முட்டைக்கோஸ்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

“உள்ளயே வைங்க” என்றேன்.

அவர் உறையை ஓட்டுநரிடம் கொடுத்தார். ஓட்டுநர் அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.